தொழிற்கூடத்தில் டேட்டா: ஒரே மெஷினில் தொடங்கி ஈஆர்பி வரை, படிப்படியாக

சிறு, நடுத்தரத் தொழிற்கூடங்களில் மெஷின்களிலிருந்து டேட்டா எடுக்கும் வேலை பெரும்பாலும் தலைகீழாகத் தொடங்குகிறது. முதலில் மென்பொருள் வாங்குவார்கள், பிறகு எல்லா மெஷினிலும் சென்சார் மாட்டுவார்கள், சுவரில் பெரிய திரை தொங்கும். மூன்றாவது மாதம் அந்தத் திரையை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. அதில் வரும் எண்ணை ஷிஃப்டில் நிற்பவர் நம்பவில்லை, அவ்வளவுதான்.

மெஷின் எப்போது நின்றது என்பதை சென்சார் சொல்லும். ஏன் நின்றது என்பதைப் பக்கத்தில் நின்றவர்தான் சொல்ல முடியும். இந்த இரண்டையும் ஒரே பதிவில் சேர்ப்பதுதான் மொத்த வேலையும். கீழே உள்ள வரிசையும் அதற்காகத்தான். அதன் கடைசிப் படி ஈஆர்பி, அதாவது ஆர்டர், ஸ்டாக், பில் கணக்கை ஒன்றாக வைக்கும் நிறுவன மென்பொருள்.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

மெஷினின் எலக்ட்ரிக்கல் டிராயிங். அது இல்லாமல் பேனலைத் திறந்தால் எந்த வயர் எங்கே போகிறது என்று தேடுவதிலேயே ஒரு நாள் போய்விடும்.

பிஎல்சி (மெஷினை இயக்கும் சிறு கன்ட்ரோல் கம்ப்யூட்டர்) புரோகிராம், சிஎன்சி (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் வெட்டும் மெஷின்) பாராமீட்டர் இரண்டின் பேக்கப். பழைய சிஎன்சி கன்ட்ரோலர்களில் பாராமீட்டர்கள் பேட்டரியின் தயவில்தான் நிற்கின்றன. பேட்டரி தீர்ந்த நிலையில் சென்சார் மாட்டுவதற்காக மெயின் சுவிட்சை அணைத்தால், திரும்பப் போடும்போது மெஷின் எல்லாவற்றையும் மறந்திருக்கும்.

மூன்றாவது, பேனல் வேலை தெரிந்த எலக்ட்ரீஷியன் ஒருவர். நான்காவது, தினமும் 15 நிமிடம் ஒதுக்கச் சம்மதிக்கும் சூப்பர்வைசர் ஒருவர். இந்த நான்காவது ஆள் கிடைக்காவிட்டால், கிடைக்கும்வரை தொடங்காதீர்கள்.

1. எந்த முடிவுக்காக இந்த டேட்டா என்று எழுதுங்கள்

ஒரே வரி போதும். "செட்டிங்குக்குப் போகும் நேரத்தைக் குறைக்க ஆள் போடுவதா, கூடுதல் ஃபிக்சர் செய்வதா" என்பது நல்ல வரி. (செட்டிங் என்பது அடுத்த வேலைக்கு மெஷினைத் தயார் செய்வது, ஃபிக்சர் என்பது பாகத்தைப் பிடித்துவைக்கும் கருவி.) "உற்பத்தியைக் கண்காணிக்க" என்பது உதவாது. அதை வைத்து எதை அளப்பது, எதை விடுவது என்று தீர்மானிக்க முடியாது.

இந்த வரி இல்லாமல் போனால் கிடைக்கிற சிக்னலை எல்லாம் சேமிப்பீர்கள். 20 மெஷின், மெஷினுக்கு 5 அளவீடு, நொடிக்கு ஒரு பதிவு என்றால் ஒரு நாளில் 86 லட்சத்து 40 ஆயிரம் வரிகள். எக்செல் ஒரு ஷீட்டில் தாங்குவது 10,48,576 வரிகள். ஒரு நாள் டேட்டாவையே அதில் திறக்க முடியாது.

2. மெஷினைத் தேர்ந்தெடுங்கள்

முன்னால் வேலை குவிந்து கிடக்கும் மெஷின் எதுவோ அதுதான். அங்கே மிச்சப்படும் ஒரு மணி நேரம் மொத்த வரிசைக்கும் கிடைக்கும். சும்மா நிற்க வாய்ப்புள்ள மெஷினில் மிச்சப்படுத்தினால் அது இன்னும் கொஞ்ச நேரம் சும்மா நிற்கும்.

புதிய மெஷினில் நெட்வொர்க் போர்ட் இருக்கிறது, சுலபம் என்று அதை எடுப்பவர்கள் நிறைய. சுலபம்தான். ஆனால் அதில் வரும் எண்ணால் எந்த முடிவும் மாறாது.

3. பெயர், நேரம், ஷிஃப்ட் தேதி

எல்லோரும் தாண்டிப் போகிற படி இது. பிறகு சரிசெய்ய மிக அதிகம் செலவாகும் படியும் இதுதான்.

மெஷினுக்கு மாறாத எண் ஒன்று கொடுங்கள். "பெரிய லேத்" என்பது பெயர் ஆகாது. அதைவிடப் பெரியது ஒன்று வந்தால் இரண்டு வருடப் பதிவும் குழம்பும். மெஷினை இடம் மாற்றினாலும் எண் மாறக் கூடாது என்பதால், இடத்தின் பெயரை எண்ணுக்குள் நுழைக்காதீர்கள்.

பாகங்களின் எண்ணை எக்செல்லில் உரை வடிவத்தில் வையுங்கள். எண் வடிவில் விட்டால் 00472 என்பது 472 ஆகிவிடும். 3-12 போன்ற எண்ணைத் தேதியாக மாற்றிவிடும், ஒரு வார்த்தை சொல்லாமல்.

தேதியை வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் எழுதுங்கள்: 2025-03-04. வேறு வரிசையில் எழுதினால் அது மார்ச்சா ஏப்ரலா என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள்.

இரவு ஷிஃப்ட் 22:00 மணிக்குத் தொடங்கி 6:00 மணிக்கு முடிகிறது என்றால், அதிகாலை 2:00 மணிக்கு வந்த பாகம் எந்தத் தேதிக் கணக்கு? ஷிஃப்ட் தொடங்கிய தேதிதான் உற்பத்தித் தேதி என்று இப்போதே எழுதிவையுங்கள். எழுதாவிட்டால் ஸ்டோர் கணக்கும் உற்பத்திக் கணக்கும் தினமும் முட்டிக்கொள்ளும். இரு பக்கமும் சரியாகத்தான் எண்ணியிருப்பார்கள்.

4. இரண்டு வாரம் காகிதத்தில்

மெஷின் அருகே ஒரு அட்டை, கட்டிய பேனா, பார்வை படும் இடத்தில் ஒரு கடிகாரம். அட்டையில் நான்கே கட்டங்கள்: எத்தனை மணிக்கு நின்றது, எத்தனை மணிக்கு மீண்டும் ஓடியது, காரண எண், ஆபரேட்டரின் முதலெழுத்து. கூடுதலாக ஒரு கட்டம் போட்டால் எல்லாக் கட்டங்களும் காலியாக வரும்.

காரணங்கள் 8 முதல் 10 வரை: செட்டிங், டூல் மாற்றம், மெட்டீரியல் இல்லை, ஆள் இல்லை, மெக்கானிக்கல் பழுது, எலக்ட்ரிக்கல் பழுது, தரப்பிரிவின் ஓகேவுக்குக் காத்திருப்பு, மின்தடை, ப்ளான் இல்லை, மற்றவை. அதற்கு மேல் போனால் ஆள் பட்டியலைப் படிக்க மாட்டார், முதலில் கண்ணில் படும் எண்ணைப் போட்டுவிடுவார்.

காரணம் என்பது ஆபரேட்டர் கண்ணால் கண்டதாக இருக்க வேண்டும். "பேரிங் தேய்மானம்" என்று ஒரு காரணம் வைத்தால் அதை அவர் எப்படி அறிவார்? சத்தம் வந்தது, நிறுத்தினார். அவருக்குத் தெரிந்தது அது. பேரிங் என்று சொல்ல வேண்டியது பிரித்துப் பார்த்த மெயின்டனன்ஸ் ஆள்.

முதல் வார அட்டைகளை வரிசையாகப் பரப்பி நேரங்களின் கடைசி இலக்கத்தைப் பாருங்கள். 10:15, 11:30, 2:00 என்று எல்லாமே 0 அல்லது 5-இல் முடிந்தால், அந்த அட்டை ஷிஃப்ட் முடிவில் உட்கார்ந்து நிரப்பியது. 10:14 முதல் 10:31 வரை என்று இருந்தால் நின்றபோதே எழுதியது. ஒரே மையில், ஒரே அழுத்தத்தில், மேலிருந்து கீழ்வரை ஒரே சாய்வில் ஓடும் எழுத்தும் அதே கதையைத்தான் சொல்லும். இதற்காக யாரையும் கடிந்துகொள்ளாதீர்கள். அட்டையைக் கைக்கெட்டும் தூரத்தில் தொங்கவிட்டாலே பாதி சரியாகிவிடும்.

"மற்றவை" என்பது நின்ற நேரத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் பட்டியல்தான் தவறு. எழுதியவர்களிடம் என்ன நடந்தது என்று கேட்டு ஒரு காரணத்தைச் சேர்த்து, யாரும் தொடாத ஒன்றை எடுத்துவிடுங்கள்.

இத்தனை பாடும் எதற்கு, நேரே சென்சார் மாட்டலாமே? காரணப் பட்டியல் மென்பொருளுக்குள் போன பிறகு மாற்றினால் பழைய டேட்டாவோடு ஒப்பிட முடியாது. காகிதத்தில் அடித்து எழுதச் செலவே இல்லை.

5. ஒரு ஷிஃப்டைக் கையால் கணக்கிடுங்கள்

ஓஇஇ (ஓடிய பங்கு, வேகம், தரம் மூன்றையும் பெருக்கி வரும் மெஷினின் மொத்தப் பயன் திறன்) என்ற எண்ணை எந்த மென்பொருளும் காட்டும். அது எப்படி வருகிறது என்று ஒரு முறை கையால் போட்டுப் பார்க்காதவர் அது தவறாக வந்தாலும் கண்டுபிடிக்க மாட்டார்.

ஷிஃப்ட் 480 நிமிடம், இடைவேளை 30 போக 450. நின்றது 72 நிமிடம், ஓடியது 378. ஓடிய பங்கு 84 சதவீதம். ஒரு பாகத்துக்கு 45 நொடி என்றால் 378 நிமிடத்தில் 504 பாகம் வந்திருக்க வேண்டும், வந்தது 430. வேகம் 85.3 சதவீதம். அதில் நல்லது 417. தரம் 97 சதவீதம். மூன்றையும் பெருக்கினால் 69.5 சதவீதம்.

சரிபார்க்க ஒரு குறுக்கு வழி: 417 நல்ல பாகத்தை 45 நொடியால் பெருக்கி, 450 நிமிடத்தின் 27,000 நொடியால் வகுங்கள். அதே 69.5 வர வேண்டும். வராவிட்டால் எங்கோ ஒரு நேரத்தை இரண்டு முறை கழித்திருக்கிறீர்கள்.

இங்கே அதிகம் சறுக்குவது 45 நொடி என்ற எண்ணில்தான். கொட்டேஷனில் எழுதிய சைக்கிள் டைமை அப்படியே எடுத்தால் வேகம் 110 சதவீதம் என்று வரும், அல்லது எப்போதும் 60-லேயே நிற்கும். மெஷின் நன்றாக ஓடும்போது ஸ்டாப்வாட்சில் 20 பாகம் அளந்து, தடையில்லாமல் வந்தவற்றில் மிகக் குறைந்த நேரத்தை எடுங்கள். சராசரியை எடுத்தால் இழப்பும் அதற்குள் ஒளிந்துகொள்ளும்.

6. மெஷினிலிருந்து சிக்னல் எடுப்பது

மூன்று வழிகள் உண்டு. கிடைப்பதில் எளியதை எடுங்கள்.

டவர் லேம்ப்: பச்சை எரிந்தால் ஓடுகிறது. பெரும்பாலும் 24 வோல்ட் டிசி. அதை நேராக உங்கள் கேட்வேயில் (சிக்னலைப் பதிவாக்கி நெட்வொர்க்கில் அனுப்பும் பெட்டி) கொடுக்காமல் இடையில் ஆப்டோகப்ளர் (சிக்னலை ஒளி வழியே கடத்தி இரு பக்க மின்சாரத்தையும் பிரிக்கும் உறுப்பு) வையுங்கள். அப்படி வைத்தால் உங்கள் பக்கத்துக் கோளாறு மெஷினுக்குள் போகாது. ரிலே வைப்பதானால் காயிலுக்குக் குறுக்கே டயோடு உள்ளதாக எடுங்கள். இல்லையேல் அணையும் ஒவ்வொரு தடவையும் எழும் மின்னழுத்தம் பிஎல்சியின் டிரான்சிஸ்டர் அவுட்புட்டைத் தின்றுவிடும். சில மெஷின்களில் பச்சை விளக்கு மினுக்கினால் "அடுத்த பாகத்துக்குக் காத்திருக்கிறேன்" என்று பொருள். நொடிக்கு ஒரு முறை படிக்கும் கேட்வே அதை ஓடுகிறது, நின்றது, ஓடுகிறது என்று பக்கம் பக்கமாக எழுதித் தள்ளும். எந்த விளக்கு என்ன சொல்கிறது என்று முதலில் ஆபரேட்டரிடம் கேளுங்கள்.

மின்னோட்டம்: விளக்கே இல்லாத பழைய மெஷினுக்கு இது. வயரைக் கழற்றாமல் கவ்வும் பிளவு வகை சிடி (மின்னோட்டம் அளக்கும் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்) போதும். 5 ஆம்பியர் அவுட்புட் வகையை வாங்காதீர்கள். மின்சாரம் ஓடும்போது அதன் இரண்டாம் பக்கம் திறந்துகொண்டால் உயிருக்கு ஆபத்தான மின்னழுத்தம் எழும். உள்ளேயே ரெசிஸ்டர் வைத்து 333 மில்லிவோல்ட் தரும் வகை பாதுகாப்பானது.

மெயின் வரும் வயரில் கவ்வினால் ஹைட்ராலிக் மோட்டார், கூலன்ட் பம்ப் எல்லாம் சேர்ந்து வந்து, வெட்டுகிறதா சும்மா நிற்கிறதா என்று பிரிக்க முடியாது. ஸ்பிண்டில் டிரைவுக்குப் போகும் வயரில் கவ்வுங்கள். டிரைவிலிருந்து மோட்டாருக்குப் போகும் பக்கம் வேண்டாம், அங்கே அதிர்வெண் மாறிக்கொண்டே இருப்பதால் சாதாரண சிடி தவறாகக் காட்டும். சும்மா நிற்கும்போது 4 ஆம்பியர், வெட்டும்போது 9-க்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். 6.5-ஐத் தாண்டினால் "ஓடுகிறது", 5.5-க்குக் கீழே வந்தால் "நின்றது", அதுவும் 5 நொடி நீடித்தால் மட்டும். ஒரே எல்லையை இரண்டுக்கும் வைத்தால் அந்தக் கோட்டில் நின்று நிலை துடிக்கும். மெல்லிய ஃபினிஷிங் வெட்டில் மின்னோட்டம் சும்மா நிற்கும் அளவுக்கே இறங்கிவிடும். அப்படிப்பட்ட வேலைக்கு இந்த முறை ஒத்துவராது.

பாக எண்ணிக்கை: ப்ராக்சிமிட்டி சென்சார் (பாகம் அருகே வந்ததைத் தொடாமல் உணர்வது) எடுக்கும்போது, அவுட்புட்டின் இரு வகைகளில் கேட்வே பிஎன்பி கேட்கிறதா என்பிஎன் கேட்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மாறிப்போனால் சென்சாரின் சிறு விளக்கு ஒழுங்காக எரியும், எண்ணிக்கை மட்டும் வராது. அரை நாளை விழுங்கும் கோளாறு அது. அதிர்வில் ஒரே பாகம் இரண்டாக எண்ணப்படும் என்பதால், சைக்கிள் டைமில் பாதிக்குள் வரும் இரண்டாவது துடிப்பைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

எமர்ஜென்சி ஸ்டாப், கதவு இன்டர்லாக், சேஃப்டி ரிலே ஆகியவற்றின் வயர்களில் எந்தக் காரணத்துக்காகவும் கை வைக்கக் கூடாது. அங்கே தோதாக ஒரு சிக்னல் கிடைத்தாலும் வேண்டாம்.

எனர்ஜி மீட்டர் போன்றவற்றை மோட்பஸ் (தொழிற்கூடக் கருவிகள் டேட்டா பரிமாறும் நெறிமுறை) வழியே படிப்பதானால் மூன்று இடங்களில் சிக்குவீர்கள். அது ஓடும் ஆர்எஸ்-485 வயரின் இரு முனையிலும் மட்டும் 120 ஓம் ரெசிஸ்டர் வேண்டும், நடுவில் கூடாது. கையேட்டில் 40001 என்று உள்ள ரெஜிஸ்டர் (அளவு வைக்கப்படும் இடத்தின் எண்) மென்பொருளில் பெரும்பாலும் 0. தசம எண்கள் விநோதமாக வந்தால் இரண்டு ரெஜிஸ்டரின் வரிசையை மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

7. கேட்வே, சேமிப்பு

நிலை மாறும்போது மட்டும் பதிவு செய்யுங்கள்: மெஷின் எண், நிலை, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், எண்ணிக்கை. நொடிக்கு ஒரு வரி என்பது ஷிஃப்டுக்குச் சில நூறு வரியாகச் சுருங்கும், கேள்விக்குப் பதில் சொல்வதில் எந்தக் குறையும் வராது.

நெட்வொர்க் அறுந்தால் கேட்வே தனக்குள் சேர்த்துவைத்து, திரும்பி வந்ததும் அனுப்ப வேண்டும். வாங்குமுன் கேபிளைப் பிடுங்கி அரை மணி நேரம் கழித்து மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். விற்பவரின் முகத்திலேயே பதில் தெரியும்.

சொந்தக் கடிகாரப் பேட்டரி இல்லாத கேட்வே, மின்தடைக்குப் பிறகு நெட்வொர்க்கில் நேரம் வாங்கும்வரை தவறான நேரத்தில் எழுதும். 1970 ஜனவரி 1 என்று பதிவு வந்தால் மூலம் அதுதான். மெமரி கார்டில் ஓடும் சிறு கம்ப்யூட்டர்களும் திடீர் மின்தடையில் கார்டைக் கெடுத்துக்கொள்ளும். சிறிய யுபிஎஸ் ஒன்று தேவை.

8. காரணத்தை ஆபரேட்டரிடம் வாங்குவது

மெஷின் நின்று 3 நிமிடம் தாண்டினால் மட்டும் திரையில் கேள்வி வரட்டும். அதற்குக் குறைந்தவற்றைச் சிறு நிறுத்தம் என்று எண்ணிக்கையாக மட்டும் வையுங்கள். சில்லு அகற்ற 40 நொடி நின்றதற்கும் காரணம் கேட்டால், இரண்டாம் நாளே முதல் பட்டனை அழுத்தித் தள்ளிவிடும் பழக்கம் வந்துவிடும்.

காகிதத்தில் தேறிய அதே 10 காரணங்கள், அதே வரிசையில், கையுறையோடு அழுத்தும் அளவு பெரிய பட்டன்களாக. டைப் செய்யும் இடமே வேண்டாம். பழுது பார்க்கும் அவசரத்தில் இருப்பவர் மெஷின் ஓடத் தொடங்கிய பிறகும் காரணம் போட வழி இருக்கட்டும்.

9. பத்து ஷிஃப்ட் ஒப்பிடுங்கள்

காகிதத்தை உடனே நிறுத்தாதீர்கள். பத்து ஷிஃப்ட் இரண்டும் சேர்ந்து ஓடட்டும். எண்ணிக்கையில் வித்தியாசம் 2 சதவீதத்துக்குள் வரும்வரை அடுத்த படி இல்லை.

வித்தியாசம் எந்தப் பக்கம் என்பதே காரணத்தைக் காட்டிக்கொடுக்கும். மெஷின் கணக்கு எப்போதும் கூடுதல் என்றால் பாகம் இல்லாமல் ஓட்டிப்பார்த்த சைக்கிள், செட்டிங் பாகம், ரீவொர்க் இவை சேர்கின்றன. எப்போதும் குறைவு என்றால் சென்சார் துடிப்பு மிகக் குட்டை. 20 மில்லிநொடித் துடிப்பை 100 மில்லிநொடிக்கு ஒரு முறை பார்க்கும் கேட்வே பலமுறை தவறவிடும். ஒரு நாள் கூட, ஒரு நாள் குறைய என்றால் ஷிஃப்ட் மாறும் நேரத்தைப் பாருங்கள், மூன்றாம் படியில் எழுதியதை யாரோ பின்பற்றவில்லை.

நின்ற நேரம் மட்டும் மெஷின் கணக்கில் கூடுதலாகவே வரும். காகிதத்தில் யாரும் எழுதாத சிறு நிறுத்தங்கள் அவை. இது பிழை இல்லை, நீங்கள் தேடி வந்ததே இதுதான்.

10. தினமும் 15 நிமிடம்

மெஷின் அருகே நின்றபடி, நேற்றைய நின்ற நேரத்தைக் காரணவாரியாகப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கிப் பாருங்கள். முதலிடத்தில் உள்ள ஒன்றை மட்டும் எடுத்து, யார், எந்தத் தேதிக்குள், என்ன செய்வார் என்று எழுதுங்கள். செய்த பிறகு நான்கு வாரம் அதே காரணத்தின் நேரத்தைத் தொடர்ந்து பாருங்கள். ஒரு வாரம் இறங்கியதை வெற்றி என்று எண்ணினால் ஏமாறுவீர்கள். அந்த வாரம் செட்டிங் மாறாத ஒரே ஜாப் ஓடியிருக்கலாம்.

ஆபரேட்டர் வாரியாக ரேங்க் போடும் ஆசை நிர்வாகத்துக்கு வந்தே தீரும். போட்ட மறுவாரமே "ஆள் இல்லை", "செட்டிங்" குறைந்து "மெட்டீரியல் இல்லை" ஏறும். அதன் பிறகு அந்த டேட்டாவை எதற்கும் பயன்படுத்த முடியாது.

11. அடுத்த மெஷின்கள், பாதுகாப்பு

அடுத்த இரண்டை அதே வரிசையில், முதல் மெஷினுக்கு முன்னும் பின்னும் உள்ளவையாக எடுங்கள். அப்போதுதான் இங்கே வரும் "மெட்டீரியல் இல்லை" அங்கே நடந்த எந்த நிறுத்தத்தின் வால் என்று தெரியும்.

மூன்று மெஷின் ஆனதும் மெஷின் நெட்வொர்க்கை அலுவலக நெட்வொர்க்கிலிருந்து பிரியுங்கள். மோட்பஸுக்குப் பாஸ்வேர்டே கிடையாது. 502 போர்ட்டை எட்டியவர் படிக்கவும் முடியும், எழுதவும் முடியும். அதை இணையத்துக்குத் திறந்துவிடவே கூடாது. வெளியிலிருந்து பார்க்க வேண்டுமானால் விபிஎன் வழியே மட்டும். டேட்டா அனுப்ப எம்க்யூடிடி என்ற நெறிமுறையைப் பயன்படுத்தினால் 1883 போர்ட் அல்ல, மறைகுறியாக்கம் உள்ள 8883. கேட்வேயோடு வந்த பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றுங்கள். அமைப்புகள் ஏற்றிய உபரி கேட்வே ஒன்று அலமாரியில் இருக்கட்டும்.

பழுதை முன்கூட்டிச் சொல்லும் அதிர்வு சென்சார்களுக்கு இந்தக் கட்டத்தில் போகலாம், முன்பு வேண்டாம். நிமிடத்துக்கு 1500 சுற்றும் மோட்டார் நொடிக்கு 25 முறை சுழல்கிறது, பேரிங் கோளாறின் அதிர்வு அதைவிடப் பல மடங்கு வேகமானது. நொடிக்கு ஒரு அளவு எடுத்து எதையும் காண முடியாது. நொடிக்குப் பல ஆயிரம் முறை அளந்து, மொத்த அதிர்வைத் தானே கணக்கிட்டு நொடிக்கு இத்தனை மில்லிமீட்டர் என்ற வேக அளவில் தரும் சென்சார் வேண்டும். அதன் போக்கைப் பழுதுப் பதிவோடு ஒப்பிட, எட்டாம் படியில் சேர்ந்த காரணங்கள் ஒரு வருடமாவது கையில் இருக்க வேண்டும்.

12. ஈஆர்பி இணைப்பு

கடைசிப் படி. ஈஆர்பியிலிருந்து வேலை ஆணை, பாக எண், அளவு இவை கீழே இறங்கும். மெஷின் பக்கத்திலிருந்து நல்லது, ரிஜெக்ட், நேரம் மேலே ஏறும். பாக எண்ணின் மூலப் பட்டியல் ஈஆர்பியில் மட்டும் இருக்கட்டும். இரண்டு இடத்திலும் திருத்த விட்டால் ஒரே பாகத்துக்கு இரண்டு பெயர் வரும்.

எண்ணிக்கையை ஷிஃப்ட் முடிவில், சூப்பர்வைசர் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகு ஒரே பதிவாக அனுப்புங்கள். ஒவ்வொரு துடிப்பையும் நேரே அனுப்பினால், சென்சார் தவறிய ஒரு மணி நேரம் ஸ்டாக்கில் ஏறி, அங்கிருந்து பில்லுக்கும் போய்விடும். திருத்த வேண்டியவர் அப்போது கணக்குப் பிரிவில் இருப்பார், அவருக்கு சென்சாரைப் பற்றி ஒன்றும் தெரியாது.

இணைப்பு அறுந்த ஷிஃப்டுக்காக நான்காம் படியில் செய்த அந்த அட்டையில் ஒரு கட்டு அச்சடித்து சூப்பர்வைசர் மேசையில் வையுங்கள். அதிலிருந்து ஈஆர்பியில் பதிவு போடும்போது "கையால் ஏற்றியது" என்று குறிக்க ஒரு கட்டமும் வையுங்கள். மாத முடிவில் அந்தக் குறி எந்த மெஷினில் அதிகம் விழுந்திருக்கிறதோ, அங்கே கேபிளைச் சோதிக்க வேண்டும்.